மருத்துவக் கேள்வி பதில்: வலது விலாவுக்குக் கீழே

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கீட்டோ சாப்பாட்டையும் (சோறு, ரொட்டியை விட்டுக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறை) வயிற்று வலியையும் பற்றியவை. ஒரே உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறவர்கள் ஒரே உணவுப் பட்டியலைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று படிக்கும்போதே தெரிகிறது. அவற்றில் ஆறு கடிதங்களைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 42, இரண்டு பிள்ளைகள். கீட்டோ தொடங்கி ஒன்பது வாரத்தில் 88 கிலோவிலிருந்து 73க்கு வந்துவிட்டேன். காலையில் பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ. அப்புறம் மாலை ஏழு மணிக்கு ஒரே வேளைதான்: ஆட்டுக்கறி வறுவல், மூன்று முட்டை, கெட்டிச் சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றிய கீரை. இதுவரை மூன்று ராத்திரி, பத்து பதினொரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. முதுகில் தோள்பட்டைக்குக் கீழும் வலித்தது. இரண்டு மணி நேரம் எப்படிப் படுத்தாலும் ஆகவில்லை; வாந்தியும் வந்தது. கேஸ்ட்ரிக் மருந்து குடித்தும் அசையவில்லை. விடிந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். எனக்கும் அதுதானா? கொழுப்பு சாப்பிட்டுத்தான் கல் வந்ததா?

பதில்: பித்தப்பைக் கல் என்று உங்கள் கடிதமே முக்கால்வாசி சொல்லிவிட்டது. மீதியை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

இந்த வலிக்கென்று ஒரு நடை உண்டு. கொழுப்பான சாப்பாடு முடிந்து ஓரிரு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில் வரும். கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சிக்கு ஏறும். ஏறியபின் விட்டுவிட்டு வராது, ஒரே இறுக்கமாக நிற்கும். அரை மணி நேரத்துக்குக் குறைவாக அரிதாகவே இருக்கும், சில சமயம் ஐந்து மணி நேரம்வரை போகும். இடம் வலது விலாவின் கீழ் அல்லது நெஞ்சுக்குழி. அங்கிருந்து வலது தோள்பட்டை எலும்புக்குப் பாயும். ஏப்பம் விட்டாலும் மலம் கழித்தாலும் குறையாது. கேஸ்ட்ரிக் வலி பெரும்பாலும் எரிச்சலாக இருக்கும், வயிறு காலியாக இருக்கையில் கிளம்பும், வெள்ளை மருந்து இரண்டு கரண்டி உள்ளே போனால் சற்று நேரத்தில் தணியும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. அதனால்தான் பல பேர் வருடக்கணக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரையிலேயே ஓட்டிவிடுகிறார்கள்.

நம் ஊரில் தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம். அந்தப் பித்தத்தை இங்கே மறந்துவிடுங்கள். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை கொள்ளுவதோ 30 முதல் 50 மில்லிதான். ஆகவே அது தண்ணீரை உறிஞ்சிவிட்டு, பித்தநீரைக் குழம்பு சுண்டுவதுபோல் கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும். கொழுப்பு சிறுகுடலுக்குள் நுழைந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து, பையை நன்றாகப் பிழியும். பைக்குள் கல் இருந்து, பிழியும்போது அது பையின் கழுத்தில் போய்ச் சிக்கிக்கொண்டால், மூடிய வாசலில் பை முட்டுகிறது. நீங்கள் படும் வலி அந்த முட்டல். கல் நழுவி உள்ளே விழுந்ததும் வலி நிற்கும். மறுநாள் காலை ஒன்றுமே இல்லாததுபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த ஆட்டுக்கறி ஒரே ராத்திரியில் கல்லை உண்டாக்கவில்லை. இருந்த கல்லை வாசலுக்குத் தள்ளியது, அவ்வளவே. கல் உருவாக வேறு இரண்டு காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. ஒன்று, வேகம். ஒன்பது வாரத்தில் 15 கிலோ என்றால் வாரத்துக்கு 1.6 கிலோவுக்கு மேல். உடம்புக் கொழுப்பு அவ்வளவு விரைவாகக் கரையும்போது கொலஸ்ட்ரால் கல்லீரல் வழியாகப் பித்தநீருக்குள் கொட்டுகிறது. கரையக்கூடிய அளவைத் தாண்டியதும் படிகமாகிறது. வாரத்துக்கு 1.5 கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். இரண்டாவது, ஒரே வேளைச் சாப்பாடு. வெறும் கோப்பி பித்தப்பையை முழுசாகப் பிழியாது. 24 மணி நேரம் ஒரே இடத்தில் தேங்கிய பித்தநீர் அடியில் வண்டல் கட்டும். இதற்கு மேல் பெண், நாற்பதைத் தாண்டியவர், பிள்ளை பெற்றவர், தாய் வழியில் கல். நீங்கள் கீட்டோவைத் தொடாமலே இருந்திருந்தாலும் இந்த நான்கும் இருக்கத்தான் செய்யும்.

ஒரு வேளைக்கு எவ்வளவு கொழுப்பு போகிறது என்று பாருங்கள். முட்டை மூன்றில் 15 கிராம். கெட்டிச் சந்தான் 100 மில்லியில் சுமார் 20. வறுவலுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 28. ஆட்டின் கொழுப்பைச் சேர்க்காமலே 60 கிராமைத் தாண்டிவிட்டது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த பையை ஒரே அடியில் அமுக்கினால் இதுதான் நடக்கும்.

இன்றிலிருந்து அந்த ஒரு வேளையை மூன்று நான்காகப் பிரியுங்கள். வேளைக்கு 10 முதல் 15 கிராம் கொழுப்போடு நிறுத்துங்கள். பயந்துபோய் எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிடவும் வேண்டாம்: கொஞ்சம் கொழுப்பு போனால்தான் பை காலியாகும், அதற்கு ஏழெட்டு கிராமாவது வேண்டும். எடை குறைவது வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ போதும். வலி வந்த ராத்திரியில் மேற்கொண்டு எதுவும் சாப்பிடாதீர்கள், தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பாராசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை போடலாம். அலமாரியில் கிடக்கும் பொன்ஸ்தான் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். வலி உண்மையில் குடல்புண்ணாக இருந்தால் அது இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும்.

இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். 'வயிறு வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் கேஸ்ட்ரிக் மாத்திரையோடு திரும்பி வர நேரிடலாம். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, எங்கே பாய்ந்தது என்று நான்கு வரி எழுதி எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வாரத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்பதையும் சொல்லுங்கள். மெலிவதற்கு ஆன்லைனில் தூளோ மாத்திரையோ வாங்கியிருந்தால் பாக்கெட்டையே கொண்டுபோங்கள், அவற்றில் சில கல்லீரலைத் தாக்குபவை. டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்வார். இழுக்கும் மூச்சு பாதியில் வெடுக்கென்று நின்றால் பித்தப்பை வீங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு இரத்தத்தில் கல்லீரல் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும்.

ஸ்கேனுக்கு 'புவாசா', அதாவது பட்டினி, என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் சாப்பாடு, பால், தே தாரிக் எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் கொஞ்சம் குடிக்கலாம். எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கிக் கல் தெரியாமல் போகும், தேதி வீண். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் காலை மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று முன்பே கேட்டுவிட்டு, முதல் ஆளாகப் பார்க்கும்படி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பைக்குள் இருக்கும் கல்லை இந்த ஸ்கேன் பெரும்பாலும் தவறவிடாது. பித்தக் குழாயில் இறங்கிவிட்ட கல்லைச் சில வேளை தவறவிடும், அதைப் பிடித்துக் கொடுப்பது இரத்தப் பரிசோதனை.

தேதிக்குக் காத்திருக்கையில் வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், காய்ச்சலோ குளிர் நடுக்கமோ சேர்ந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கோப்பி ஓ நிறத்திலும் மலம் சாம்பல் வெளுப்பிலும் போனால், அல்லது வலி நேராக முதுகுக்கு ஊடுருவி முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் சற்றுக் குறைகிறது என்றால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கடைசியாகச் சொன்னது கணையம் வீங்கியதன் அடையாளம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 51, செம்பனை லோரி ஓட்டுகிறார், இனிப்புநீர் இருக்கிறது. மனைவி சமைக்கிறாளே என்று அவரும் என்னோடு கீட்டோ சாப்பிடுகிறார். இரண்டு வாரமாக லோரியில் ஏறி இறங்கும்போதும் சாப்பிட்ட பிறகு நடக்கும்போதும் நெஞ்சுக்குழியில் அமுக்குகிறது, வியர்க்கிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. இது பித்தப்பையா, கேஸா?

பதில்: இந்தக் கடிதத்தை எழுதிய நேரத்தில் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கலாம் அம்மா. நடந்தால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது, வியர்க்கிறது, இனிப்புநீர் வேறு. இதை இருதயம் என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும். பித்தப்பை வலிக்குப் படியேறுவதும் இறங்குவதும் தெரியாது. இருதயத்தின் அடிப்பகுதிக்கு இரத்தம் குறைந்தால் பல பேருக்கு நெஞ்சு வலிக்காது, வயிற்றின் மேல்பகுதிதான் அமுக்கும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அதுவும் மங்கலாகத்தான் தெரியும். இன்றே இ.சி.ஜி. எடுங்கள். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள், நடந்தால்தான் வருகிறது என்று அழுத்திச் சொல்லுங்கள். உட்கார்ந்தும் சில நிமிடத்தில் அமுக்கம் விடவில்லை என்றால் 999. லோரியை அவரே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது.

இன்னொன்று. இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறவர் அரிசியையும் ரொட்டியையும் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை மிகவும் கீழே இறங்கிவிடலாம். சில வகை மாத்திரைகளோடு கீட்டோ சேர்ந்தால் இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்தும் உண்டு. மருந்தைக் கொடுக்கும் டாக்டருக்குத் தெரியாமல் அவர் இந்தச் சாப்பாட்டில் இருக்கக்கூடாது.

கேள்வி: சிறுநீரகத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் 8 மில்லிமீட்டர் கல் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு வலியும் இல்லை. எடுத்துவிடுவதா?

பதில்: வேண்டாம். வலி தராத கல் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதோடேயே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள். கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, 1 சென்டிமீட்டரைத் தொடும் சதை வளர்ச்சி இருந்தாலோ பேச்சு வேறு. அறிக்கைத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பிறகு என்றாவது வலி வந்தால் அதுவே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ராத்திரியில் குடித்தால் பித்தக்கல் மலத்தோடு வந்துவிடும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பச்சைப் பச்சையாக முப்பது கல் வந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

பதில்: நீங்கள் பார்த்தது சவர்க்காரம். கிண்டல் இல்லை. அரைக் கோப்பை எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் அது முழுதும் செரிக்காது. குடலில் உடைந்த கொழுப்பு அமிலங்கள் அங்குள்ள தாது உப்புகளோடு சேர்ந்து உருண்டையாகத் திரள்கின்றன. பித்தநீர் பட்டுப் பச்சையாகிறது. இப்படி வந்த உருண்டைகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பித்த நிறமியும் இல்லை. 40 டிகிரி வெப்பத்தில் பத்து நிமிடத்தில் உருகி எண்ணெயாகிவிட்டன. அக்காவிடம் இன்னும் இருந்தால் ஒன்றை மதிய வெயிலில் கார் பானட் மேல் வைத்துப் பாருங்கள். உண்மையான பித்தக்கல் அங்கே உருகாது. முப்பது கல் போனதாகச் சொல்கிறவர் மறுபடி ஸ்கேன் எடுத்தால் பழைய கல் அங்கேயேதான் இருக்கும்.

வலி இல்லாத ஆள் குடித்தால் வயிற்றுப்போக்கோடு போய்விடும். உள்ளே கல் இருக்கும் ஆளுக்கு அவ்வளவு எண்ணெய் என்றால் பித்தப்பைக்கு முழுப் பிழிசல். சிறு கல் ஒன்று குழாயில் இறங்கி அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய வீக்கம் என்று போகும். மாத்திரையால் கரைக்க முடியாதா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மருந்து உண்டு. சுண்ணாம்பு படியாத சிறிய கொலஸ்ட்ரால் கல்லுக்கு மட்டும் எடுபடும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம்வரை விடாமல் சாப்பிட வேண்டும். நிறுத்திய பிறகு ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. வேகமாக எடை குறைகிறவர்களுக்குக் கல் வராமல் தடுக்க டாக்டர்கள் இதைக் கொடுப்பதுண்டு, அங்கேதான் இதற்கு நல்ல உபயோகம்.

கேள்வி: மகனுக்கு 23 வயது, தோட்டத்தில் குலை வெட்டுகிறான். அவனும் எங்களோடு கீட்டோவில் இருந்தான். நான்கு நாளாகக் காய்ச்சல், வயிறு வலி, இன்று கண் மஞ்சள். பித்தப்பைதான் என்கிறார்கள். மாமியார் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கலாம் என்கிறார்.

பதில்: இவருக்குக் கடிதம் கிடைத்த அன்றே தபாலில் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே. காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தால் வீட்டில் வைத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது. கல் குழாயை அடைத்துக் கிருமி ஏறியிருக்கலாம். ஆனால் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இருபத்து மூன்று வயதுப் பையன் என்றால் முதலில் நினைக்க வேண்டியது எலிக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் 'கெஞ்சிங் திக்குஸ்' என்பார்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரோ சேறோ காலில் உள்ள கீறல் வழியாக ஏறுகிறது. பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளில் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் சதை தொட்டால் வலிக்கும், கண் சிவக்கும், முற்றினால் மஞ்சளும் சிறுநீரகக் கோளாறும். சீக்கிரம் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் அடங்கிவிடும். டாக்டர் கேட்காவிட்டாலும் 'தோட்டத்தில் வேலை' என்ற இரண்டு வார்த்தையை நீங்களே சொல்லிவிடுங்கள். டிங்கியையும் சோதிக்க வேண்டும். காய்ச்சலோடு வயிறு வலிப்பதும் ஓயாத வாந்தியும் டிங்கி முற்றுவதற்கு முன் அடையாளங்கள். அதுவரை பாராசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கூடாது.

கீழாநெல்லிக்கு வீட்டில் நல்ல பெயர் வந்த காரணம் ஒன்று உண்டு. மஞ்சள் காமாலையில் ஒரு வகை, உணவிலும் தண்ணீரிலும் பரவும் கல்லீரல் அழற்சி, பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே குணமாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் புகழ் சேரும். அடைத்த குழாயையோ எலிக் காய்ச்சலையோ அது தொடாது.

கேள்வி: பித்தப்பையை எடுக்க ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை என்ன சாப்பிடுவது? எடுத்த பிறகு வாழ்நாள் முழுக்கப் பத்தியமா? தேங்காய் எண்ணெய் மட்டும் ஆகும் என்கிறார்களே?

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் பார்த்துவிடுவோம். பித்தநீர் அதிகம் தேவைப்படாமல் உடம்பில் சேரும் கொழுப்பு வகை ஒன்று உண்டு, தேங்காய் எண்ணெயிலும் அதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அது பெரும்பாலும் மற்றக் கொழுப்புகளைப் போலவே நடந்துகொள்ளும். ஒரு மேசைக்கரண்டியில் மற்ற எண்ணெய்களைப் போலவே சுமார் 14 கிராம் கொழுப்பு. காலைக் கோப்பியில் அதையும் இரண்டு கரண்டி வெண்ணெயையும் கலக்கிக் குடித்தால் கிட்டத்தட்ட 37 கிராம், அதுவும் காலி வயிற்றில். வலிக்கு விருந்து வைத்த மாதிரி.

மூன்று மாதத்துக்குச் சமையலில் பார்க்க வேண்டியது எண்ணெய்ப் பாக்கெட்டைத்தான். 2 வெள்ளி 50 சென் விலையுள்ள ஒரு கிலோ பாக்கெட்டை நான்கு பேர் உள்ள வீட்டில் என்றைக்குத் திறந்தோம் என்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்தில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 36 கிராம் எண்ணெய் போகிறது, கறியும் தேங்காயும் தனி. அதே பாக்கெட்டைப் பதினைந்து நாளைக்கு இழுத்தால் பாதி வேலை முடிந்தது. தாளிப்பதற்குப் பாட்டிலைச் சாய்க்காமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்: ஒரு தேக்கரண்டி 5 கிராமுக்குள். கோழியைத் தோல் உரித்துச் சமையுங்கள். மீன் குழம்பில் கெட்டிச் சந்தானுக்குப் பதில் புளி, தக்காளி. சந்தான் இல்லாமல் ஆகாது என்றால் இரண்டு மூன்று கரண்டி, அடுப்பை அணைக்கும் முன்பு. முட்டை ஒன்று போதும், பொரிக்காமல் அவித்தது. பசியாறலுக்கு ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் இந்த மூன்று மாதத்துக்கு வேண்டாம். இட்லியோ அப்பளமில்லாத சோறோ ஆகும். பாசார் மாலாமில் கோரேங் பீசாங் வாங்கிக்கொண்டே வருகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டியிருக்கும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ என்று அரசாங்கக் கிளினிக் சுவர்களில் ஒட்டியிருக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' படம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். விரதம் இருப்பவர்கள் ஒரு பொழுதை இந்த மூன்று மாதம் விட்டுவைக்கலாம்.

அறுவை பெரும்பாலும் வயிற்றில் நான்கு சிறு துளைகள் வழியாகத்தான். உள்ளே தெரிவதற்காக வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதுவார்கள். மிச்சம் இருக்கும் வாயுவால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும், இருதயமோ என்று பதற வேண்டாம். எழுந்து நடந்தால் சீக்கிரம் போகும். வீக்கம் அதிகமாக இருந்தால் நடுவழியில் பெரிய வெட்டுக்கு மாற வேண்டியிருக்கும். கையெழுத்து வாங்கும்போது அதையும் சொல்வார்கள். லேசான வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். குலை தூக்குபவர்கள் நான்கிலிருந்து ஆறு வாரம் தூக்கக்கூடாது. எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கும்போது வேலை என்ன என்று விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

எடுத்த பிறகு கல்லீரல் சுரக்கும் பித்தநீர் சேமித்து வைக்க இடமில்லாமல் நேராகக் குடலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். செரிமானத்துக்கு அது போதும், ஆயுள் முழுக்கப் பத்தியம் இல்லை. முதல் சில வாரம் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சிலருக்குச் சாப்பிட்டு எழுந்த உடனே மஞ்சளாக, தண்ணீராகப் போகும். பித்தநீர் பெருங்குடலை உறுத்துவதுதான் காரணம். பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் பித்தநீரைப் பிடித்துவைக்கும் தூள் மருந்து இருக்கிறது, மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் கேட்டு வாங்குங்கள். கண் மஞ்சளானாலோ பழைய வலி அப்படியே திரும்பினாலோ குழாயில் கல் தங்கியிருக்கலாம். அதற்கு வாய்வழியாகக் குழாய்க் கருவி விட்டு எடுக்கும் முறை உண்டு, வயிற்றை மறுபடி திறக்க வேண்டியதில்லை.